ஜி டிரைவில் எழுதினோம், சி டிரைவ் போனது

நம் கம்ப்யூட்டர் பிரிவில் புதிதாகச் சேர்ந்த உங்களில் ஒரு பெண் போன வாரம் எனக்கு போன் செய்தாள். சர்வரில் ஏதோ கோளாறு, பேக்கப்பிலிருந்து எல்லாவற்றையும் உடனே திருப்பிப் போடச் சொல்லி மேலிருந்து நெருக்குகிறார்கள், போடலாமா மேடம் என்று கேட்டாள்.

"என்ன ஆச்சுன்னு புரிஞ்சுதா?" என்றேன்.

"இன்னும் இல்ல மேடம்."

"கையை எடு."

அவளுக்கு வருத்தமாக இருந்திருக்கும். உதவி கேட்டவளுக்கு இரண்டு வார்த்தையில் பதில் சொல்வது மரியாதை இல்லைதான். அதனால் அந்த இரண்டு வார்த்தை எனக்கு எங்கிருந்து வந்தது என்பதை உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன். இதில் நான் செய்த தவறு ஒன்று இருக்கிறது. முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தும் அதைப் பற்றி நான் எந்தப் பயிற்சி வகுப்பிலும் பேசியதில்லை.

வருஷம் 1991. எனக்கு இருபத்தாறு வயது. ஸ்ரீபெரும்புதூர்தான் சொந்த ஊர். கோயில் கைங்கரியக் குடும்பம். அந்த வருஷம் எங்கள் ஊர்ப் பெயர் நாடு முழுக்க எல்லோர் வாயிலும் இருந்தது. அதைப் பற்றி இங்கே நான் பேசப்போவதில்லை. ஒரகடம் போகிற சாலையில், லாரிக்கும் பஸ்ஸுக்கும் இரும்புப் பாகங்கள் அடிக்கும் ஒரு தொழிற்சாலையில் ரெக்கார்டுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தேன். இப்போது கம்பெனி பஸ் ஜன்னலில் நீங்கள் பார்க்கிற பெரிய ஆலைகள் எதுவும் அன்றைக்குக் கிடையாது. சைக்கிளில் போவேன். வழியில் ஏரியும் வயலும்தான்.

எங்கள் முக்கியமான சரக்கு ஸ்டியரிங் ஆர்ம். டிரைவர் ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் திரும்புகிறதே, நடுவில் அந்த வேலையைச் செய்கிற இரும்புக் கை. அடித்து முடித்ததும் அதை லோடு லோடாக, அதாவது ஒரு தடவைக்கு இத்தனை என்று, உலையில் எண்ணூற்றைம்பது டிகிரிக்குச் சூடேற்றி எண்ணெயில் முக்குவார்கள். அந்தச் சூடு குறைந்தால் இரும்புக்கு உரம் ஏறாது. பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஓடுகிற வண்டியில் ஒருநாள் முறியும்.

அதனால் உலையின் சூட்டை அரைமணிக்கு ஒருமுறை எழுதி வைப்பது சட்டம் மாதிரி. முன்பெல்லாம் அதற்கு ஒரு ரிஜிஸ்டர் இருந்தது. எண்ணெய்க் கறையும் கைரேகையுமாக இருக்கும். கம்ப்யூட்டர் வந்ததும் அந்த ரிஜிஸ்டரை நிறுத்தச் சொன்னவள் நான். ஆபரேட்டர்கள் ஷிஃப்ட் முடிந்ததும் என் அறைக்கு வந்து, துண்டுச் சீட்டைப் பார்த்துத் தட்டிவிட்டுப் போவார்கள். சீட்டு குப்பைக்கூடைக்குப் போய்விடும். இனிமேல் ஒரு வருஷத்து ரீடிங்கை ஒரு நிமிஷத்தில் எடுக்கலாம் என்று மீட்டிங்கில் பெருமையாகச் சொன்னேன்.

கம்ப்யூட்டர் என்றால் ஆலைக்கே ஒன்றுதான். கறுப்புத் திரை. டாஸ் என்கிற பழைய இயங்குதளம்; மவுஸ் கிடையாது, கட்டளையை எழுத்தெழுத்தாக அடிக்க வேண்டும். அதில் முதலில் இருந்த சின்ன டிஸ்க் நிரம்பிவிட்டதால், சென்னையிலிருந்து ஒரு சர்வீஸ் இன்ஜினியரை வரவழைத்துப் பெரிய டிஸ்க் போட்டோம். நூற்றைம்பது எம்பி. சிரிக்காதீர்கள், அன்றைக்கு அது கடல். நான் ஆட்களைக் கூட்டி வந்து அதைக் காட்டினேன்.

எங்கள் டாஸுக்கு ஒரு பலவீனம் இருந்தது. முப்பத்திரண்டு எம்பிக்கு மேல் ஒரே டிரைவாக வைத்துக்கொள்ளத் தெரியாது. அதனால் அந்த இன்ஜினியர் டிஸ்கை ஐந்து துண்டாகப் பிரித்தார். சி, டி, இ, எஃப், ஜி. சி-யில் புரோகிராம்களும் டிஸ்பாட்ச், அதாவது சரக்கு அனுப்பிய விவரமும். கடைசியில் இருந்த ஜி-யில் பழைய வருஷங்களின் ஃபைல்களையும், அதற்குப் பிறகு அன்றன்றைய உலை ரீடிங்கையும் போட்டேன்.

நான்கைந்து மாதம் ஒரு குறையும் இல்லை.

ஜூலைக் கடைசியில் ஒரு நாள் காலை கரண்ட் போய் வந்தது. கம்ப்யூட்டரை மறுபடி போட்டால், டிஸ்கே இல்லை என்கிறது. சென்னைக்கு போன் போட்டேன். அந்த இன்ஜினியர், தான் முன்பே எங்களிடம் விட்டுப்போன ஃப்ளாப்பித் தட்டு ஒன்றைப் போடச் சொல்லி, இதைச் செய்யுங்கள், அதைச் செய்யுங்கள் என்று போனிலேயே சொல்லிக்கொண்டு வந்தார். டிஸ்க் திரும்பி வந்தது. சி-யை மட்டும் காணோம். என்னிடம் சி-யின் பேக்கப் ஒரு கட்டு ஃப்ளாப்பியாக இருந்தது. ஒவ்வொன்றாகப் போட்டு மதியத்துக்குள் சி-யைப் பழையபடி ஆக்கிவிட்டேன். கேன்டீனில் எனக்கு ராஜ மரியாதை. வொர்க்ஸ் மேனேஜர் எழுந்து நின்று, "பாருங்கய்யா, இவங்கதான் நம்ம டாக்டர்" என்றார்.

சாயங்காலம் ஜி-யைத் திறந்து பார்த்தேன். பழைய வருஷங்கள் அப்படியே இருந்தன. கடைசி ஆறு நாள் உலை ரீடிங் மட்டும் குப்பையாக இருந்தது. எண்கள் இருக்கவேண்டிய இடத்தில் ஏதோ கட்டங்கள், சிரிக்கிற முகங்கள், அரபி மாதிரி கோடுகள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஜி-யை நான் தொடவே இல்லை. கெட்டுப்போனது சி. சரிசெய்ததும் சி. பிறகு ஜி எப்படிக் கெடும்? வைரஸாக இருக்குமோ என்று யோசித்தேன். கரண்ட் போனதால் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இதுவரை நடந்தது அறியாமை. அதற்கு மேல் நான் செய்ததுதான் தவறு. அந்த ஆறு நாள் ரீடிங் போய்விட்டது என்று யாரிடமும் சொல்லவில்லை. மத்தியானம் கிடைத்த மரியாதை சாயங்காலத்துக்குள் போய்விடுமே என்கிற பயம். யார் கேட்கப்போகிறார்கள் என்கிற தைரியம். நன்றாக இருந்ததையெல்லாம் ஃப்ளாப்பியில் எடுத்துவிட்டு, ஜி-யை அழித்துப் புதிதாக ஃபார்மேட் செய்து, பழைய வருஷங்களை மட்டும் மறுபடி ஏற்றிவிட்டுச் சும்மா இருந்துவிட்டேன்.

அக்டோபரில் மழை பிடித்துக்கொண்ட ஒரு வியாழக்கிழமை. காலை பத்து மணி இருக்கும். மேனேஜர் என் அறைக்கே வந்தார். செருப்பைக் கழற்றாமல் அந்த அறைக்குள் யாரும் வரமாட்டார்கள். அன்று அவர் ஷூவோடு வந்தார்.

"கஸ்டமர்கிட்ட இருந்து போன். புது பஸ் சேஸிஸ் ஒண்ணு டெஸ்ட்டுல ஓடும்போது நம்ம ஆர்ம் விரிசல் விட்டிருக்கு. டிரைவர் சத்தம் கேட்டு நிறுத்திட்டாராம், யாருக்கும் ஒண்ணும் ஆகல. மத்தியானம் அவங்க இன்ஸ்பெக்டர் வர்றாரு. அந்த லோடு எப்போ உலைக்குப் போச்சு, என்ன சூடு, அந்த லோடுல மத்த பீஸெல்லாம் எந்தெந்த வண்டிக்குப் போச்சு, எல்லாம் வேணும்."

"பத்து நிமிஷம் சார்" என்றேன். டிஸ்பாட்ச் புரோகிராமைக் கூப்பிட்டேன். வரவில்லை. இரண்டு நாளாகவே அது முரண்டு பிடித்துக்கொண்டிருந்தது. சி-யில் என்னென்ன ஃபைல் இருக்கிறது என்று பட்டியல் கேட்டேன். ஃபைல் பெயர்களுக்குப் பதில் திரை முழுக்க அர்த்தமில்லாத எண்களும் புள்ளிகளும் ஓடின.

மேனேஜர் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். "போன தடவை மாதிரியா?"

"அப்படித்தான் தெரியுது சார்."

"அப்போ அதே வைத்தியத்தைப் பண்ணு. வெளியில மூணு லாரி நிக்குது. இன்ஸ்பெக்டர் வர்றதுக்குள்ள சரியாகணும்."

ஃப்ளாப்பிக் கட்டை எடுத்து வைத்தேன். முதல் ஃப்ளாப்பியைச் செருகினேன். போன தடவை இதைச் செய்த பிறகுதான் ஜி போனது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் இருக்க வழியே இல்லை. ஆனாலும் இரண்டாம் முறையாக அதே வரிசையில் நடக்கிறது. திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்.

அப்போது கதவைத் தட்டிவிட்டு ஏழுமலை வந்தான். உலை ஆபரேட்டர். சேரப்பணஞ்சேரிக்காரன். நெல் விவசாயக் குடும்பம். வீட்டில் அவன்தான் முதன்முதலில் ஆலைக்கு வந்தவன். காலை ஷிஃப்டை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு வியர்வையோடு வந்து நின்றான்.

"மேடம், ஆர்ம் உடைஞ்சிச்சாமே. எந்த லோடு?"

மேனேஜர் எரிச்சலோடு நம்பரைச் சொன்னார். ஏழுமலையின் முகம் மாறியது.

"அது என் லோடு சார். போன வாரம் கரண்ட் கட்டாயி ஜெனரேட்டர் வர லேட்டாச்சு. சூடு இறங்கிப் போச்சு. இன்னொரு தபா ஏத்திட்டு எடுக்கலாம்னு சொன்னேன். லாரி நிக்குது, எடுத்துடுன்னாரு சூப்பர்வைசர். நான் உள்ளதத்தான் போட்டுகினு போனேன், எழுநூத்தி அறுபதுன்னு. அது கம்ப்யூட்டர்ல கீது மேடம். அத்தப் பாத்து சொல்லுங்க. இல்லாங்காட்டி என் பேருதான் போவும்."

"எல்லாம் பார்க்கலாம், இப்போ போ" என்றார் மேனேஜர்.

அவன் போகவில்லை. திரையைக் குனிந்து பார்த்தான். இரண்டு விரலால் தட்டப் பழகியவன். தான் அடித்த ஒவ்வொரு எண்ணும் அவன் மனதில் நிற்கும்.

"இன்னா மேடம் இது, என் ரீடிங்க இப்படி பிச்சிப் போட்டு வச்சிகீறீங்க?"

"எது உன் ரீடிங்?"

கறுத்த விரலைத் திரையில் வைத்தான். "தோ, எட்டு நாப்பத்தெட்டு, எட்டு அம்பத்தொண்ணு, எட்டு நாப்பத்தாறு. அப்பால பாருங்க, ஓ கே கே கீதா? சூடு பாக்குற தெர்மோகப்பிள் மாத்துன நாளு, ஓகேன்னு நான் அடிக்கப்போயி விரல் தப்பிடிச்சி. நீங்ககூட சிரிச்சீங்க."

ஆமாம், சிரித்திருந்தேன். அது முந்தின திங்கட்கிழமை. அதை அவன் அடித்தது ஜி-யில். நான் கேட்டிருந்தது சி-யின் பட்டியல்.

எனக்கு அப்போதும் புரியவில்லை. இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கதைகளில் வருவதுபோல் எல்லாம் பளிச்சென்று விளங்கிவிடவில்லை. தலை இன்னும் குழம்பியதுதான் மிச்சம். ஜி-யில் எழுதியது சி-யில் எப்படி வரும்? ஒன்று மட்டும் தெரிந்தது. சி-யில் கிடக்கிற இந்தக் குப்பைதான் அவனுடைய ரீடிங். நான் சி-யைச் சரிசெய்தால், இதன் மேல்தான் எழுதப்போகிறேன். ஜூலையிலும் இதன் மேல்தான் எழுதியிருக்கிறேன்.

ஃப்ளாப்பியை வெளியே எடுத்தேன்.

"என்னம்மா பண்றே?" என்றார் மேனேஜர்.

"இப்போ சி-யைத் தொடமாட்டேன் சார்."

"லாரி நிக்குதுன்னு சொன்னேனே."

"இன்னிக்கு சலானைக் கையில எழுதித் தரேன் சார். இதைச் சரிபண்ணா ரீடிங் அழிஞ்சிடும்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறியா, தெரியுமா?"

"தெரியாது சார்."

தெரியாது என்று நான் சொன்னது அவரை ஏதோ செய்திருக்க வேண்டும். "சூப்பர்வைசரை வரச் சொல்லு" என்று யாரிடமோ கத்திக்கொண்டே வெளியே போனார்.

ஜி-யைப் பட்டியல் கேட்டேன். அங்கே எல்லாம் ஒழுங்காக இருந்தது. கம்ப்யூட்டரை அணைக்கக் கூடாது. அணைத்தால் ஜூலை மாதிரி டிஸ்கே இல்லை என்று சொல்லிவிடும். வெளியே மழை, எப்போது வேண்டுமானாலும் கரண்ட் போகலாம். ஜூலைக்குப் பிறகு வாங்கிய யுபிஎஸ் பதினைந்து நிமிஷம்தான் தாங்கும். ரீடிங் ஃபைல்களை மட்டும் ஒரு காலி ஃப்ளாப்பியில் எடுத்தேன். இன்னொரு ஃப்ளாப்பியில் மறுபடி எடுத்தேன். பிறகு பிரிண்டருக்கு அனுப்பினேன். கரகரவென்று தாள் வர வர ஏழுமலை அதைக் கையில் ஏந்தி வாசித்தான். நடுவில் சில வரிகள் சிதைந்திருந்தன. இரண்டு நாளாக டிஸ்பாட்ச் புரோகிராம் சி-யில் எழுதியதெல்லாம் அவற்றின் மேல் விழுந்திருந்தது என்று பிறகுதான் தெரிந்தது.

"வந்திடிச்சி" என்றான். எழுநூற்று அறுபது. பக்கத்தில் அவன் பெயரின் முதல் எழுத்து.

தாளைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தான். பிறகு, "தண்ணி கீதா மேடம்?" என்று கேட்டான்.

மத்தியானம் இன்ஸ்பெக்டர் வந்தார். தெற்கத்திக்காரர், அறுபதை நெருங்குகிறவர், குரலே உயராது. பிரிண்ட் தாளை வரிவரியாகப் பார்த்தார். சலான் நகல்களை வைத்து அந்த லோடின் பீஸ்கள் எங்கே போயின என்று குறித்தோம். எல்லாம் அவர்கள் ஆலையிலேயே இருந்தன. பாதி வண்டியில் ஏறியிருந்தது, பாதி பெட்டியிலேயே கிடந்தது. போனில் சொல்லி நிறுத்தினார். ஏழுமலையை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்து, "உள்ளத எழுதியிருக்கீரு. நல்லது" என்றார். சூப்பர்வைசரிடம் ஒன்றும் பேசவில்லை. அது அவருக்கு இன்னும் மோசமாக இருந்திருக்கும்.

எழுந்து போகப்போகிறார் என்று நினைத்தோம். அவர் தாளைக் கீழே வைக்காமல் கேட்டார்: "இதே மாதிரி கரண்ட் போன நாளு வேற எப்பம் உண்டு? ஜூலையில உண்டுமில்லா? அந்த ரீடிங்கையும் ஒருதரம் பாத்துக்கிடுதேன்."

மேனேஜர் முந்திக்கொண்டார். "அதெல்லாம் நார்மல் சார். மேடம் பாத்துட்டாங்க."

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாது. நான் சொல்லியிருந்தால்தானே தெரியும்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆமாம் என்று தலையாட்டினால் போதும். ஆறு நாள், அந்த ஆறு நாளில் ஒன்றும் நடக்காமலும் இருந்திருக்கலாம். அடித்த ரீடிங்கும் இல்லை, பார்த்து அடித்த சீட்டும் இல்லை; பொய் என்று காட்ட ஆதாரம் கிடையாது.

"ஜூலையில ஆறு நாள் ரீடிங் இல்ல சார்" என்றேன். "போயிடுச்சு. போக்கினது நான்தான். யார்கிட்டயும் சொல்லல."

மேனேஜர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதில் கோபத்தைவிடத் திகைப்பு அதிகம். இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார்.

"அப்பம் அந்த ஆறு நாள் சரக்கு அம்புட்டையும் திரும்பக் கூப்பிட வேண்டியதுதான்" என்றார். திட்டவில்லை. கிளம்பும்போது என் மேஜையருகே நின்று, "இத ஜூலையிலயே சொல்லியிருந்தீங்கன்னா பாதி வண்டி எங்க யார்டைத் தாண்டியிருக்காதும்மா" என்றார். அவ்வளவுதான்.

ஒரு வாரம் கழித்து சர்வீஸ் இன்ஜினியர் யார் யாரையோ கேட்டுவிட்டு விளக்கத்தோடு வந்தார். டிஸ்க் வட்ட வட்டமான தடங்களில் எழுதும். எங்கள் கம்ப்யூட்டருக்கு ஆயிரத்து இருபத்து நான்கு தடம் வரைதான் எண்ணத் தெரியும். புது டிஸ்கில் அதைவிட அதிகம் இருந்தது. எண்ணிக்கை தீர்ந்ததும், மீட்டர் சுற்றி முடித்த பழைய லாரி மாதிரி, அது மறுபடி பூஜ்யத்திலிருந்து எண்ணியிருக்கிறது. பூஜ்யத்தில் இருந்தது சி-யின் தலை. ஜி-யின் வாலும் சி-யின் தலையும் ஒரே இடம். ஜி நிரம்ப நிரம்ப சி அழியும். சி-யைச் சரிசெய்தால் ஜி அழியும். திரையில் அவை இரண்டு பெயராகத் தெரிந்ததால், உள்ளேயும் இரண்டாகத்தான் இருக்கும் என்று நான் நம்பியிருந்தேன்.

அவர் சொல்லச் சொல்ல எனக்கு நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. புரியாத அந்தக் காலை நேரத்தில் நான் சரியாக நடந்துகொண்டேன். நன்றாகப் புரிந்த விஷயத்தில், ஆறு நாள் ரீடிங் இல்லை என்று பட்டவர்த்தனமாகத் தெரிந்த விஷயத்தில், மூன்று மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். குழப்பம் வந்தால் கையை எடுங்கள் என்று உங்களுக்குச் சொல்கிறேன். கையை எடுப்பது சுலபம். வாயைத் திறப்பதுதான் கஷ்டம். இரண்டையும் சேர்த்தே பழகுங்கள்.

எனக்கு மெமோ கொடுத்தார்கள். வேலை போகவில்லை. அந்த டிஸ்கின் கடைசித் துண்டை உபயோகிக்காமல் விட்டோம். உலைப் பக்கம் மறுபடி ரிஜிஸ்டர் வந்தது. நான் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தபோது ஏழுமலை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கம்ப்யூட்டர்லயும் போடணுமா மேடம்?" என்று கேட்டான். இரண்டிலும் போடு என்றேன். "டபுள் வேலை" என்று முனகிக்கொண்டே வாங்கிக்கொண்டான்.

ஜூலைச் சரக்கு நவம்பரில் பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தது. சில பஸ்களிலிருந்து கழற்றி அனுப்பியிருந்தார்கள். சேறும் கிரீஸும் அப்படியே இருந்தன. ஒவ்வொன்றாக உரம் பார்க்கிற மெஷினில் வைத்தார்கள். நானும் ஏழுமலையும் கேட்காமலேயே போய் நின்றோம். அவன் பீஸைத் துடைத்துக் கொடுப்பான், நான் நம்பரைப் படித்துச் சரிபார்த்து எழுதுவேன். மூன்று நாள் ஆனது. வந்ததெல்லாம் நல்ல பீஸ். ஒன்றுகூடத் தோற்கவில்லை.

நான்கு பீஸ் மட்டும் வரவில்லை. இரண்டு சேஸிஸில் இரண்டிரண்டாக இருந்தவை; வடக்கே எங்கோ விற்றுப்போன வண்டிகள். கடிதம் எழுதினார்கள், தந்தி கொடுத்தார்கள். வாங்கினவர் கைமாற்றிவிட்டார் என்று ஒரு பதில் வந்தது, அதோடு நின்றுவிட்டது. அந்த நான்கும் மற்றவை மாதிரி நல்லவையாகத்தான் இருந்திருக்கும். நிச்சயமாகத் தெரியாது. ரிட்டர்ன் ரிஜிஸ்டரில் அந்த நான்கு நம்பருக்கு எதிரே இருந்த கட்டத்தை யாரும் நிரப்பவில்லை. நான் ரிட்டையர் ஆகிற வாரம் போய்ப் பார்த்தேன். காலியாகத்தான் இருந்தது.